சட்டியோடு ஒரு சொல்லும் திரும்பட்டும்

ஒலுவிலிலும் பாலமுனையிலும் அட்டாளைச்சேனையிலும், களியோடைக்கு அந்தப் பக்கம் நிந்தவூரிலும் வீட்டில் தயிர் உறைய வைக்கும் ராத்தாமார், மாமிமார், தங்கச்சிமார், காக்காமார், தம்பிமார் அனைவருக்கும்,



பெரும்போக அறுவடை முடிந்து பட்டிகள் வட்டைக்குத் திரும்பியதும் வரும் முதல் சனிக்கிழமை, என் வீட்டு முற்றத்தில் ஒரு தயிர்ப் போட்டி வைக்க எண்ணியிருக்கிறேன். விற்பனைக்குத் தயிர் போடுகிறவர்களுக்கான போட்டி இல்லை இது. வீட்டுக்கென்று, மருமகன் வருகிறார் என்று, கந்தூரிக்கென்று, மனசுக்குப் பிடித்திருக்கிறது என்று சட்டி வைக்கிறவர்களுக்கானது. செய்தி காதுக்குக் காதாகப் போய்விட்டது. ‘போட்டி என்று வைத்தால் பகைதான் வரும்’ என்று இரண்டு பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. இந்த ஊரில் யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. ஒருத்திக்குப் பரிசு என்றால் அவளுடைய மச்சிக்கு முகம் வாடும். அதனால் எப்படி நடத்தப் போகிறேன், ஏன் அப்படி நடத்தப் போகிறேன் என்பதை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் உம்மாவின் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலம். ஓர் இடத்தில் கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் வீட்டு உணவுப் போட்டியும் இருந்தது. எந்த இடம், நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். உம்மா எருமைப்பால் தயிர்ச் சட்டி ஒன்று கொடுத்தா. அதற்காக இரண்டு நாள் பட்டிக்காரரிடம் சொல்லி வைத்து, மடியிலிருந்து கறந்த சூட்டோடு பால் வாங்கினா. சட்டியைத் தண்ணீரில் ஊறப் போட்டு, வெயிலில் காய வைத்து, அடுப்பு ஓரத்தில் வெதுப்பி எடுத்தா. இரவு முழுக்க யாரும் குசினிப் பக்கம் பலத்து நடக்கக் கூடாது. விடிந்ததும் தாள் கட்டி, நூல் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனா.

பின்னேரம் சட்டி திரும்பி வந்தது. மேலே கட்டிய தாள் கிழிந்திருந்தது. ஆடை அப்படியே கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கரண்டி தோண்டின குழி. குழியில் கொஞ்சம் தெளிந்த நீர். பரிசு வேறு ஒருவருக்குப் போயிருந்தது. உம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவ அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தா. ‘என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்றா. பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் சட்டி கொடுக்கவும் இல்லை.

முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்தக் குழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன வருடம் கனடாவிலிருந்து மகன் வந்தபோது ஒரு தாளைக் காட்டினான். அவனோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் பியர் காய்ச்சுகிறவராம். போட்டி ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து அவருக்குத் திரும்பி வந்த தீர்ப்புத் தாளின் படம் அது. ‘உம்மா, இதைப் பாருங்கள். பரிசு கிடைக்காத ஆளுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பியிருக்கிறார்கள்’ என்றான்.

பியர் என்றதும் உங்களில் பலர் இந்த மடலை மடித்து வைக்கப் பார்ப்பீர்கள். மது நமக்கு ஹராம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அந்தப் பானத்துக்காக நான் வாதாட வரவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரன் தன் கையால் நொதிக்க வைத்ததை இன்னொருவன் எப்படி நியாயமாகச் சுவைத்துச் சொல்வது என்பதை அவர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் 1933 இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. 1978 ஒக்டோபர் 14 ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம்தான் அதை மாற்றியது. அதே 1978 இல் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில் சார்லி பப்பாசியன் என்பவரும் அவருடைய நண்பரும் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே போட்டி. வந்தது வெறும் 34 பியர்தான். ஒளித்து ஒளித்துச் செய்தவர்கள் முதன்முதலாக ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் செய்ததை மற்றவர் சுவைத்துப் பார்த்தார்கள். 1985 இல் தீர்ப்பாளர்களைப் பரீட்சை வைத்துத் தெரிவு செய்கிற தனி அமைப்பு ஒன்றும் உருவானது. நமது தயிரை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. ஆனாலும் நாம் ஒருநாளாவது அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தோமா? உங்கள் வீட்டுத் தயிரை நான் சாப்பிட்டிருக்கிறேன், என் வீட்டுத் தயிரை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள். விருந்தாளியாகச் சாப்பிட்டோம். விருந்தாளி குறை சொல்ல மாட்டார்.

அவர்களுடைய தாளில் மொத்தம் 50 புள்ளி. வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் உணர்கிற பதத்துக்கு 5, மொத்தமாக மனதில் பட்டதற்கு 10. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் கோடு போட்ட இடம் இருக்கிறது. அங்கே ஏன் என்று எழுத வேண்டும். போத்தல்களில் பெயரும் இருக்காது, ஒட்டிய தாளும் இருக்காது. மூடியில் எழுத்து இருந்தால் அதையும் கறுப்பு மையால் அடித்துவிட வேண்டும். எண் மட்டும்தான். ஒரு போத்தலைக் குறைந்தது இரண்டு பேர் சுவைக்கிறார்கள். தனித்தனியாக எழுதி முடித்த பிறகுதான் வாய் திறந்து பேசிக்கொள்கிறார்கள். தான் போத்தல் கொடுத்த பிரிவுக்குத் தானே தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது தாளின் மேல் மூலையில் இருந்தது. தீர்ப்பாளர் தன் பெயரை அங்கே எழுதுகிறார். செய்தவர் யார் என்று தீர்ப்பாளருக்குத் தெரியாது. தீர்ப்புச் சொன்னவர் யார் என்று செய்தவருக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் நான் பார்த்த போட்டிகள் அனேகமாக இதற்கு நேர் மாறாக நடந்தவை.

விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் அந்தத் தாளில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. பியரில் வரக்கூடிய குற்றங்களின் பெயர்களை அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். இரண்டு பெயர்களில் நின்றுவிட்டேன். ஒன்று டைஅசற்றைல், வெண்ணெய் வாசம் தருவது. மற்றது அசற்றல்டிகைட்டு, பச்சை அப்பிள் வாசம் என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலான பியரில் இவை குற்றம். தயிரிலோ அசற்றல்டிகைட்டுத்தான் புதுத் தயிரின் அந்தத் துல்லியமான வாசத்துக்கு முதற்காரணம். டைஅசற்றைல் வாசம் வந்தால் ‘வெண்ணெய் மணக்குது’ என்று நாம் சந்தோஷப்படுகிறோம். நொதித்தலில் பிறக்கிற ஒரே பொருள் ஒரு பாத்திரத்தில் குற்றமாகவும் இன்னொரு பாத்திரத்தில் பெருமையாகவும் ஆகிறது. ஆகவே அவர்களுடைய தாளை அப்படியே தூக்கிவந்து நம் சட்டிக்கு வைக்க முடியாது. நமக்கென்று ஒரு தாள் வேண்டும்.

நான் எழுதியிருப்பது இப்படி. மொத்தம் அதே 50. வாசத்துக்கு 7, தோற்றத்துக்கு 8, சுவைக்கு 18, பதத்துக்கு 12, மொத்தத்துக்கு 5. பியருக்குப் பதம் 5 போதும், தயிருக்குப் போதாது. எருமைப்பாலில் கொழுப்பு 7, 8 வீதம் இருக்கும். பசும்பாலில் அதில் ஏறக்குறைய பாதிதான். பால் நன்றாகக் கொதித்து அடங்கியிருந்தால் அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து தயிர் இறுகும். மண் சட்டி தன் பங்குக்கு நீரைக் குடித்து வெளியே கசிய விட்டு, தயிரையும் குளிர்த்தி வைக்கும். இவ்வளவு வேலையும் பதத்தில்தான் தெரிகிறது.

பதம் பார்க்கிற முறையை உம்மாவிடமிருந்து எடுத்தேன். தட்டையான சிரட்டை அகப்பையால் ஆடையைக் கிழிக்காமல் நேராக ஒரு வெட்டு. ஒரு துண்டைத் தூக்கி எடுக்க வேண்டும். வெட்டின சுவர் நிற்கிறதா, சரிகிறதா, வெட்டு முகம் பளிங்கு மாதிரி இருக்கிறதா, மணல் மணலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் சட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, குழியில் எவ்வளவு நீர் ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டும் ஊறாத தயிரை என் வாழ்க்கையில் இரண்டு மூன்று தரம்தான் கண்டிருக்கிறேன். உம்மா அன்றைக்கு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு இருந்தது இதற்குத்தான் என்று எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. தன் தயிருக்குத் தானே தீர்ப்புப் பார்த்திருக்கிறா.

தீர்ப்பு மேசையில் சீனியும் கித்துள் பாணியும் வாழைப்பழமும் இருக்காது. வெறும் தயிர்தான். ஒவ்வொரு சட்டிக்கும் நடுவில் ஒரு மிடறு தண்ணீர், உப்பில்லாச் சோறு நாலு பருக்கை. ஒரே இருப்பில் எட்டுச் சட்டிக்கு மேல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். புளிப்பு நாக்கை மரக்க வைத்துவிடும். மணத்தைப் பார்த்து, புளிப்புக் குறைவாகத் தோன்றுகிறவற்றை முதலிலும் கூடினவற்றைக் கடைசியிலும் வைப்போம்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான். ‘நல்லா இல்லை’ என்று எழுதிய தாளை நான் ஏற்க மாட்டேன். ‘மிச்சம் நல்லா இருக்கு’ என்று மட்டும் எழுதிய தாளையும் திருப்பிக் கொடுத்து, என்ன நல்லா இருக்கு என்று எழுதச் சொல்வேன். கண்டதை எழுத வேண்டும். காரணம் இதுவாக இருக்கலாம் என்று எழுத வேண்டும். அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். ஓரமெல்லாம் நீர் விட்டிருந்தால், உறையும்போது சட்டி அசைந்திருக்கலாம், அல்லது பால் ஆறுவதற்கு முன் அவசரப்பட்டு உறை ஊற்றியிருக்கலாம். தூக்கும்போது நூல் இழுத்தால் உறையில் வேறு கிருமி சேர்ந்திருக்கலாம். உறையை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். கசப்பு என்றால் பழைய உறையாக இருக்கலாம். உச்சியில் புளித்து அடியில் இளசாக இருந்தால் உறை சரியாகக் கலக்கவில்லை. புகை வாசத்தை மட்டும் நான் குற்றம் என்று எழுத விடமாட்டேன். விறகடுப்பில் காய்ச்சின பாலுக்கு அது உரியது. பிடிக்குமா பிடிக்காதா என்பது அவரவர் நாக்கு. அதிகம் என்றால் அதிகம் என்று எழுதலாம்.

பெயர் விஷயம். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு லீற்றர் சட்டி நானே தருவேன். உங்கள் வீட்டுச் சட்டியின் வாய் விளிம்பைக் கண்டே உங்களை அடையாளம் சொல்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தாளும் நூலும்கூட ஒரே மாதிரித்தான். சட்டியின் அடியில் ஓர் எண் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற கொப்பி, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் இருக்கும். அவர்களுக்கு இங்கே மாமியும் இல்லை, மச்சியும் இல்லை. தன் பெயரை நாலு பேர் முன்னால் கூப்பிடுவதை விரும்பாத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் எண்ணைத்தான் கூப்பிடுவோம். பரிசே கிடைத்தாலும், பெயரைச் சொல்லலாமா என்று உங்களிடம் கேட்டுத்தான் சொல்வோம். பரிசும் பணம் இல்லை; ஒரு புதுச் சட்டியும் உறியும். பணம் வைத்தால் பாலுக்குள் பால்மா வரும், கடைத் தயிர் சட்டி மாறி வரும். அதையெல்லாம் சோதிக்கிற வேலையில் எனக்கு மனமில்லை.

பிரிவு மூன்று. எருமைப்பால், பசும்பால், புதியவர்கள். ஒரு வருடத்துக்குள் உறை ஊற்றப் பழகியவர்கள் மூன்றாவதில் வரலாம். அவர்களுக்கு எழுதும் தாள்தான் நீளமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் உறையும் உம்மாவிடமிருந்து மகளுக்கு, அதே குசினிக்குள்ளேயே கைமாறுகிறது. என் உம்மாவின் உறை அவவுடைய உம்மாவிடமிருந்து வந்தது. மூத்தம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு கரண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை 1905 இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகொரோவ் என்ற பல்கேரிய மாணவர் தன் நாட்டுத் தயிரை வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவர் அதில் அடையாளம் கண்டது ஒரு கோல் வடிவக் கிருமியை. அதோடு உருண்டை வடிவக் கிருமி ஒன்றும் தயிரில் கூட்டாக வேலை செய்கிறது. உருண்டை முதலில் ஓடிப் பாலிலுள்ள ஒட்சிசனைக் குறைத்துக் கொடுக்கிறது. கோல் புரதத்தை உடைத்து உருண்டைக்குத் தீன் கொடுக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது மெதுவாகத்தான் வளரும். இதைப் பாடமாக எத்தனையோ வருடம் படிப்பித்தேன். படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் குசினி மூலையில் சாக்குப் போர்த்தி இருக்கிற அந்தச் சட்டிதான் நினைவுக்கு வரும்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அந்த உறை அறுந்தது. நாங்கள் உடுத்த உடுப்போடு சம்மாந்துறைக்கு ஓடினோம். கிழமைகள் கழித்துத் திரும்பி வந்து குசினியைக் கழுவினபோது உம்மா தேடினது நகையை அல்ல. சட்டித் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தா. உப்பு மணம்தான். அந்தச் செய்தி எப்படிப் போனதோ, ஆலையடிவேம்புப் பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்பு பால் கொண்டுவந்த பட்டிக்கார அண்ணனின் மனைவி, பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் தன் வீட்டு உறையைக் கொடுத்தனுப்பினா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஊற்றுகிறது அந்தத் தமிழ் அக்காவின் உறைதான். அதிலிருந்து இந்தத் தெருவில் ஆறேழு வீட்டுக்குப் போயிருக்கிறது.

1883 இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பியர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன், பியருக்கு உறை மாதிரியான மதுவத்தைத் தூயதாகப் பிரித்தெடுத்தார். அந்த நிறுவனம் அதைப் பூட்டி வைக்காமல் மற்றக் காய்ச்சுகிறவர்களுக்கும் கொடுத்தது என்று வாசித்தபோது, எனக்கு அந்த ஹோர்லிக்ஸ் போத்தல்தான் ஞாபகம் வந்தது. ஆகவே போட்டி அன்று விறாந்தையில் ஒரு மேசை தனியாக இருக்கும். சட்டி கொடுக்கிற ஒவ்வொருவரும் தன் உறையில் ஒரு சின்னப் போத்தல் அதில் வையுங்கள். எண்ணை மட்டும் ஒட்டுங்கள். தீர்ப்பு முடிந்த பிறகு, யாருடைய தயிர் உங்கள் நாக்குக்குப் பிடித்ததோ அந்த எண்ணின் உறையை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது லேசு. கைமருந்தை ஒளிப்பது மாதிரி உறையை ஒளிக்கிறவர்கள் சிலர் நம்மில் உண்டு. அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வீட்டில் மட்டும் இருக்கிற உறை ஒரு வெள்ளத்தோடு போய்விடும்.

நாள் ஏன் அறுவடைக்குப் பிறகு என்று கேட்டார்கள். வயல் விதைத்தால் பட்டிகள் வட்டையை விட்டுத் தூரப் போகவேண்டும். பால் வருகிற வழி நீளும், விலையும் ஏறும். அறுவடை முடிந்த தாளடியில் மேயத் தொடங்கினால் பால் ஊருக்குக் கிட்டே வரும். அந்த நாட்களின் தயிருக்கு ஒரு தனி இனிப்பு இருக்கிறது என்பது என் நாக்கின் அபிப்பிராயம். மேய்ச்சல் நிலம் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது என்று பட்டிக்காரர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எருமை குறைந்தால் எருமைத் தயிரும் குறையும். இந்தப் போட்டிக்கு இரண்டு பட்டிக்காரர்களைத் தீர்ப்பாளர்களாக அழைத்திருக்கிறேன். பாலைத் தெரிந்தவர்கள் தயிரையும் பார்க்க வேண்டும். தங்கள் பால் என்னவாக ஆகிறது என்று அவர்களும் சுவைக்க வேண்டும். எழுதப் பழக்கமில்லை என்று அவர்கள் தயங்கினார்கள். சொல்லச் சொல்ல எழுத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

வெள்ளி மாலை சட்டியை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவு காய்ச்சி, சின்ன விரலை வைத்துப் பத்து எண்ணக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை ஊற்றுங்கள். உங்கள் கைக்கணக்கு வேறாக இருந்தால் உங்கள் கணக்குத்தான் சரி. சனி காலை ஒன்பது மணிக்கு முன் கொண்டுவாருங்கள். முச்சக்கரவண்டியில் வருகிறவர்கள் சட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகப் பக்கத்து வீதியில் குழிகள் அதிகம். உறையாமல் போய்விட்டதே என்று யாரும் வராமல் இருக்க வேண்டாம். அப்படியே கொண்டுவாருங்கள், ஏன் உறையவில்லை என்று பார்ப்பதற்கும் அந்த மேசையில் இடம் இருக்கிறது. அஸருக்கு முன் எல்லாச் சட்டியும் திரும்பக் கிடைக்கும். மூடின தாளுக்கு மேலே, நூலில் செருகி, உங்கள் எண்ணுக்குரிய இரண்டு தீர்ப்புத் தாளும் இருக்கும்.

உம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். போட்டி என்றதும் முதலில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, ‘எனக்கும் ஒரு சட்டி எடுத்து வை’ என்றா. எந்த எண் என்று எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, அவவுடைய சட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்கும். சனி பின்னேரம் அந்தத் தாளை நான் அவவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒலுவிலிலிருந்து உங்கள் பழைய விஞ்ஞான ரீச்சர்